செவ்வாய்க்கிழமைக்காரன்

"தாயி, செவ்வாய்க்கிழமை காட்டுக்குள்ள ஒருத்தன் வர்றான். என்னைக் கொல்லத்தான் வர்றான்."

வாசலில் நின்றபடியே கழுவன் சொன்னான்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வலது முழங்காலைத் தேய்த்துவிட்டு, பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டு, கையிலிருந்த கம்பில் சாய்ந்து நின்றான். நொடிக்கொரு தரம் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டான்.

அங்கம்மா அருவாமனையைக் காலால் மிதித்துக்கொண்டு புளி கீறிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

அவனைவிட ஒன்பது வயது இளையவள் அங்கம்மா. மலையடியில் தனியாக இருக்கிறாள். ஊரில் எவருக்கு மனசு கலங்கினாலும் அவளிடம்தான் போவார்கள். அதிகம் பேசமாட்டாள். தூக்கம் வரவில்லை என்று போன ஒருவரிடம் ஒரு கூடைப் பயறைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொன்னாள். மூன்று நாள் பொறுக்கிவிட்டு, இதில் கல்லே இல்லையே என்று அவர் சண்டைக்கு வந்தார். நாலாம் நாள் வரவில்லை. தூங்கிவிட்டாராம்.

கழுவன் ஏழு வருடமாக அவளிடம் வருகிறான். விறகு கொண்டுவந்து போடுவான். அவள் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வான், சொல்லாவிட்டால் போய்விடுவான். சிஷ்யப்பிள்ளை வருது பாரு என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள்.

"எவன் வர்றான்?"

"செவத்தான்."

பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி பின்னால் பார்த்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஊர் கூடி வேட்டைக்குப் போகிற மாசிப் பாரிவேட்டையில், ஒரு புதர் அசைந்தது. கழுவன் சுட்டான். புதருக்குப் பின்னால் இருந்தது செவத்தான். முழங்காலில் பட்டது. உயிர் தப்பியது, கால் பழையபடி ஆகவில்லை. ஊரைக் காலி செய்துகொண்டு போன அன்று பஸ் படியில் நின்றபடி அவன் சொன்னது கழுவனுக்கு இன்னும் காதில் இருக்கிறது.

புதருக்குப் பின்னால நான் நின்னது உனக்குத் தெரியல. உன் முதுகுக்குப் பின்னால நான் நிக்கிற அன்னைக்கும் உனக்குத் தெரியாது.

"அவனைக் கண்ணால பாத்தீங்களா?"

"படத்துல பாத்தேன்."

ரெக்சின் பையிலிருந்து ஒரு கட்டுப் படங்களை எடுத்துத் தரையில் வைத்தான்.

நடந்தது இதுதான். இந்த வருடமும் பாரிவேட்டை நெருங்குகிறது. முயலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனாலும் மானோடு இறங்குகிறவனுக்கு ஊருக்குள் என்ன மரியாதை என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே யாரும் பேசிக்கொள்வதில்லை.

கழுவன் முன்பு எஸ்டேட்டில் காவலுக்கு இருந்தவன். பன்றி வருகிறதா என்று பார்க்க அங்கே மரத்தில் ஒரு கேமராப் பெட்டியைக் கட்டியிருந்தார்கள். முன்னால் எது அசைந்தாலும் தானே படம் பிடித்துக்கொள்ளும். படத்தின் அடியில் தேதியும் விழும். எஸ்டேட் கை மாறியபோது அந்தப் பெட்டி கழுவனோடு வந்துவிட்டது.

அதைக் கொண்டுபோய் மலையில் கல்லூற்றுப் பக்கத்தில் ஒரு மரத்தில் கட்டினான். பாறைக் குழியில் தினமும் காலையில் ஒரு கை கல்லுப்பு போட்டான். போட்டுவிட்டு நெல்லி மரத்தடியில் சற்று நேரம் நிற்பான். மான் எந்தத் தடத்தில் வருகிறது, எதில் திரும்புகிறது என்று பார்ப்பான். பிறகு இறங்கிவிடுவான்.

செவ்வாய்க்கிழமை மட்டும் போகமாட்டான். அந்த ஊரில் செவ்வாயன்று யாருமே மலையேறுவதில்லை. அன்று மலைச்சாமி வேட்டைக்குப் போகிற நாள். எதிரில் படுவது மனுசனா மிருகமா என்று அது பார்க்காதாம்.

போன சனிக்கிழமை சந்தைக்குப் போனபோது பெட்டிக்குள் இருந்த கார்டை எடுத்துப்போய் ஸ்டுடியோவில் கொடுத்தான். ஸ்டுடியோக்காரர் அதில் இருந்ததையெல்லாம் பிரிண்டு போட்டுக் கொடுத்துவிட்டார். வீட்டில் வந்து, சுவரில் இருந்த மாதக் காலண்டரோடு ஒவ்வொரு தேதியாக ஒத்துப் பார்த்தான்.

அப்போதுதான் அவனைப் பார்த்தான்.

"இந்தா, மூணாந்தேதி. செவ்வாய். இந்தா பத்து. இதுவும் செவ்வாய். பதினேழு."

மூன்று படத்திலும் நெல்லி மரத்தடியில் ஓர் ஆள். தலையோடு கம்பளி போர்த்தியிருந்தான். முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. கையில் கம்பு. ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான்.

"ஒரு காலைத் தாங்கி நிக்கிறான் பாரு, தாயி. நான் சுட்ட கால்தான் அது."

அங்கம்மா பார்த்தாள். பிறகு கழுவன் நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கு. அதைச் சொல்லத்தான் பயமா இருக்கு."

"சொல்லுங்க."

"மறுநாள் புதன்கிழமை. மூணு புதனும் நான் போயி உப்புப் போட்டேன். குலசாமி மேல சத்தியமாப் போனேன். ஆனா மூணு புதன்லயும் படத்துல நான் இல்ல."

அவன் குரல் இறங்கிவிட்டது.

"செவ்வாயில அவன் இருக்கான். புதன்ல நான் இல்ல. இதுக்கு என்ன அர்த்தம், தாயி?"

இரண்டு நாளாக அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதவைத் தாழ் போட்டு, அதற்குப் பின்னால் ஆட்டுரலை உருட்டி வைக்கிறான். தண்ணீர் சேந்தப் போனாலும் முதுகைக் கிணற்றுப் பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறான். நாய் குரைத்தால் நெஞ்சு அடைக்கிறது. குரைக்காவிட்டால் இன்னும் அடைக்கிறது. பொழுது விடியாமலே போய்விட்டால் தேவலை என்று அவன் மனைவியே சலித்துக்கொண்டாளாம், விடிந்ததும் வாசல் தெளிக்கக்கூட அவளை வெளியே விடவில்லை என்று.

"நாளைக்குச் செவ்வாய். துப்பாக்கிக்கு மருந்து இடிச்சு வச்சுட்டேன். முந்தியே போயிப் பாறைக்குப் பின்னால உக்காந்துக்குவேன். அவன் நெல்லி மரத்தடிக்கு வரட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் உங்கிட்ட வந்தேன்."

"கேளுங்க."

"செவ்வாயில மலையேறினா சாமி குத்தமாகுமா?"

அங்கம்மா முதன்முறையாகக் கையை நிறுத்தினாள்.

"ஆளைச் சுடுறதுக்கு ஒண்ணும் கேக்கலையா, அண்ணே?"

கழுவன் பார்வை மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போனது. அங்கே ஒரு கோழி நின்றிருந்தது.

அங்கம்மா புளிக்கூடையை ஒதுக்கி வைத்தாள். படக்கட்டை எடுத்தாள். மான் இருக்கிற படங்களை ஒரு பக்கம் போட்டாள். ஆள் இருக்கிற படங்களை இன்னொரு பக்கம் போட்டாள்.

"இதெல்லாம் யாரு?"

"அது நான். மத்த நாளு நான் போறதுதான். அதை என்னத்தப் பாக்குறது? தள்ளிட்டேன்."

"ஒண்ணைக்கூடப் பாக்கலையா?"

"என்னையே நான் என்ன பாக்குறது, தாயி?"

அவள் தலையாட்டினாள். செவ்வாய்க்கிழமைப் படம் மூன்றையும் அவன் தள்ளிவிட்ட படங்களோடு சேர்த்தாள். பிறகு அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு படமாக எடுத்து, அடியில் தேதி இருந்த பகுதியை மட்டும் நறுக்கினாள்.

கழுவன் பதறிப்போய்த் தடுக்க வந்தான். அவள் நிமிரவில்லை. நறுக்கிய துண்டுகள் புளிநாரோடு சேர்ந்து விழுந்தன. புளிப்பிசுக்கில் சில துண்டுகள் கத்தியிலேயே ஒட்டிக்கொண்டன. வளைந்தும் கோணியும்தான் நறுக்கினாள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

எல்லாவற்றையும் கலைத்தாள். தரையில் வரிசையாகப் பரப்பினாள். கம்பளி போர்த்திய பதினேழு முதுகுகள்.

"இதுல செவத்தான் எது?"

கழுவன் குனிந்தான்.

முழங்கால் வலித்ததால் ஒரு கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தான். வந்ததிலிருந்து இப்போதுதான் உட்கார்ந்தான். முதல் படத்தைப் பார்த்தான். இவன்தான் என்று தோன்றியது. இரண்டாவதைப் பார்த்தான். இவனும்தான் என்று தோன்றியது. நாலாவது படத்தில் அந்த ஆள் சற்றே தலையைத் திருப்பப் போகிறவன்போல நின்றான். கழுவனுக்கு வேர்த்துவிட்டது.

கடைசியில் ஒரு படத்தில் விரலை வைத்தான்.

"இவன்தான். நிக்கிற நிலையைப் பாரு. குறி வச்சு நிக்கிறான். இவன் ஈவு இரக்கம் இல்லாதவன், தாயி. முதுகைப் பாத்தாலே தெரியுது."

அங்கம்மா நறுக்கிய துண்டுகளைக் கிளறினாள். ஒவ்வொன்றாக அந்தப் படத்தின் அடியில் வைத்துப் பார்த்தாள். ஏழாவது துண்டு வளைவுக்கு வளைவு பொருந்தியது.

பன்னிரண்டு.

"பன்னெண்டு என்ன கிழமை?"

"வியாழன்."

"வியாழக்கிழமை யாரு போனது?"

கழுவன் படத்தையும் துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

ஆடு கத்தியது. யாரும் திரும்பவில்லை.

"பெட்டிக்குத் தேதி யாரு சொன்னது, அண்ணே?"

தான்தான் என்றான் கழுவன். பேட்டரி மாற்றினால் பெட்டி தேதி கேட்கும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டில் விளக்கு வைத்த பிறகு பேட்டரி போட்டான், சுவரில் தொங்குகிற நாள் காலண்டரைப் பார்த்துத் தேதியை அமுக்கினான். அதிலெல்லாம் தப்பு வராது என்றான்.

"விளக்கு வச்ச பிறகா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமை விளக்கு வச்சதும் அண்ணி எனக்கு விபூதி மடிச்சு அனுப்புமே. எந்தத் தாள்ல மடிக்கும்?"

அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துத்தான். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைத் தாளையே கிழித்து மடித்துவிடுவாள். பொழுதுதான் அடைந்துவிட்டதே, இனிமேல் இந்தத் தாள் எதற்கு என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அது பழக்கம்.

கிழித்துவிட்டால் சுவரில் தெரிவது சனிக்கிழமை. பெட்டியும் ஒரு நாள் முந்திக்கொண்டது.

கழுவன் விரல் விட்டு எண்ணினான். ஒருமுறை எண்ணி, நம்பாமல் மறுபடி எண்ணினான். திங்களில் போனவன் செவ்வாயில் விழுந்திருக்கிறான். செவ்வாயில் போகாதவன் புதனில் இல்லை.

தரையில் இருந்த பதினேழு பேரையும் பார்த்தான். கம்பளி அவனுடையது. கம்பு அவனுடையது, இதோ பக்கத்தில் கிடக்கிறது. முழங்காலும் அவனுடையதுதான். ஐம்பத்திரண்டு வருடத்தில் தன் முதுகை அவன் பார்த்ததே இல்லை.

நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. மூச்சு வந்தது. மூச்சுக்குப் பின்னால் சிரிப்பும் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டும்வரை சிரித்தான்.

"நான்தானா? வேற எவனும் இல்லையா? இதுக்குப் போயி ஆட்டுரலை உருட்டிக்கிட்டுக் கிடந்தேனே. மச்சினன் கேட்டா மானம் போயிரும்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நானேதான், தாயி. என்னைக் கண்டு பயப்பட என்ன இருக்கு?"

அங்கம்மா சிரிக்கவில்லை.

ஒதுக்கி வைத்திருந்த மான் படங்களில் ஒன்றை எடுத்தாள். உப்புப் பாறையருகே ஒரு பெட்டை மான், வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அதன் குட்டி. தாய் உப்பில் வாய் வைக்கவில்லை. காது இரண்டும் விறைத்திருந்தன. ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி, நெல்லி மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை.

அதை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இதுகிட்டச் சொல்லுங்க, அண்ணே."