பிழை இல்லை என்றது மேகம்

பர்வீன் மேடத்துக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் பாடம் கேட்க வந்த மாசிலாமணிக்கு ஐம்பத்துமூன்று. இருபத்தாறு வருஷம் மென்பொருள் எழுதியது போதும், இனி உயிர் எழுதுகிறேன் என்று உயிரியல் ஆய்வுக்கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்.

அவர் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அவர் சிரித்தாலே தெரியும், பல்லெல்லாம் பழுப்பு. ஃபுளோரைடு பட்டதும் நீலமாகிக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா ஒன்றை உண்டாக்கிவிட வேண்டும் என்று கிடந்தார். அதற்கான மரபணுவை வெளி நிறுவனத்தில் செய்து வாங்க ஒரு மாணவருக்கு ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் திட்டம் அத்தோடு சரி. அன்றைக்கு மாலை ஐந்து மணி கெடு. மேடம் தலையாட்ட வேண்டும்.

"மரபணுவுக்கு நாற்பதாயிரம் வரைவு மேடம். அத்தனையையும் மேகக் கணினியில ஏத்தி, ஏழு சோதனை வச்சு, ஒண்ணே ஒண்ணைப் பொறுக்கியிருக்கேன். ஏழுலயும் பச்சை டிக். பிழை இல்லை."

"யார் சொன்னது?"

"மேகம்."

"அடேங்கப்பா! இப்படிக் குடுங்க சார்."

மேடம் மடிக்கணினியை இழுத்துப் புதுக் கோப்பு ஒன்றைத் திறந்தார். ஓர் எழுத்துகூட அடிக்கவில்லை. அப்படியே சேமித்து மேகத்துக்கு ஏற்றினார்.

மேகம் கொஞ்சம் யோசித்தது. முதல் சோதனை, பச்சை. இரண்டாவது, பச்சை. ரயில் நிலைய அறிவிப்புபோல ஏற்ற இறக்கமில்லாமல் ஏழும் வந்து முடிந்தன. பிழை இல்லை.

"எனக்கும் ஏழு! இதையும் அனுப்பிடலாமா சார்?"

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"அது காலிக் கோப்பு மேடம். ஒண்ணுமே இல்லாததுல பிழை எங்கிருந்து வரும்? என்னோடது அப்படியா?"

"அப்படி இல்லதான். நாற்பதாயிரத்துல மேகம் இதை எதுக்குப் பொறுக்குச்சு?"

"இதுதான் அதிகமா நீலம் தருது. அதிகமா தர்றதை எடுன்னு நான்தான் எழுதினேன்."

"எவ்வளவு நேரம் நீலம் செய்யும்?"

"ஃபுளோரைடு பட்டுட்டா முழு மூச்சா செய்யும். நிறுத்தவே நிறுத்தாது!"

"சாப்பிடுறது எப்போ?"

"யாரு?"

"பாக்டீரியா."

மாசிலாமணி திரையை மேலும் கீழும் உருட்டினார்.

"அந்தக் கேள்வி ஏழுல இல்ல மேடம்."

"வளர்றது? ரெண்டாப் பிரியறது?"

"அதுவும்..."

மணி நாலே முக்கால். அவர் விரல் 'அனுப்பு' என்ற பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"ஆனா மேகம் பிழை இல்லைன்னுதானே மேடம் சொல்லுது?" குரல் கெஞ்சியது.

"மேகம் பொய் சொல்லாது சார்," என்றார் மேடம். "பிழை இல்லை. பிழைக்கவும் வழி இல்லை."