செல்வநாயகியின் கை வலி

கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனி முதலாளி சௌந்தரபாண்டியன் பேச ஆரம்பித்தால் மின்விசிறிகூடப் பயந்துதான் சுற்றும். அடுத்து எந்த மாதிரி கிரைண்டர் செய்யலாம் என்று யோசிக்கவே எட்டு புராடக்ட் மேனேஜர்களை வேலைக்கு எடுத்திருந்தார். கூட்டத்தில் எட்டு பேரும் வாயே திறப்பதில்லை.

"இன்னைக்கும் ஒரு யோசனை வரலைன்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிரலாம்," என்றார்.

மேஜை மேல் மாதிரிக்கு வைத்திருந்த கிரைண்டர் கல்லைப் போலவே உட்கார்ந்திருந்தான் எட்டாவது ஆளான தேவசகாயம். முதலாளி, ஓரத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் செல்வநாயகியைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தார்.

"ஏம்மா, நீயாவது இவங்களைப் பேச வையேன்."

"வெச்சிரலாமுங்க சார். எனக்கு வலது கை வலி. இன்னைக்குக் குறிப்பை நீங்க எழுதுங்க. ஒரு வார்த்தை விடாம எழுதோணும், அவ்வளவுதான்."

"அதையும் பார்த்துருவோம்," என்று பேனாவை எடுத்தார்.

எழுதுகிறவர் எப்படிப் பேசுவார்? அறையில் அப்படியொரு அமைதி. அது தாங்காமல் தேவசகாயமே ஆரம்பித்தான்.

"சார், இந்தக் கல்லைத் தூக்கிக் கழுவ எங்கம்மாவால முடியலை."

அடுத்தவர் மூடியைச் சொன்னார், இன்னொருத்தி சத்தத்தைச் சொன்னாள். முதலாளி குனிந்த தலை நிமிரவில்லை. பதினோரு பக்கம் நிரம்பியது.

"இத்தனையும் வெச்சுக்கிட்டு ஆறு மாசமா ஏன் சொல்லலை?"

செல்வநாயகி பழைய நோட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். புரட்டினார். எந்தப் பக்கத்திலும் பேசியவர் ஒருவர்தான், அவரேதான்.

"உன் கை எப்பம்மா சரியாகும்?" அவ்வளவு தணிந்த குரலைத் தேவசகாயம் அவரிடம் கேட்டதே இல்லை.

"ஒரு வருஷமாவது ஆகுமுங்க சார்," என்றவள், கிரைண்டர் கல்லை அந்த வலது கையாலேயே அலுங்காமல் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

தேவசகாயம் எழுந்து ஓடிப்போய் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான்.