பனிக்கு முன் மூடிய வால்வு

ஊட்டிக்கு மேலே இருந்த அந்த ஆசிரமத்தில் தணிகாசலம்தான் வயதில் மூத்த சீடர். அவருக்கு அறுபத்தெட்டு. குருவுக்கு நாற்பத்தைந்து, எல்லோரும் அவரை அம்மா என்றார்கள்.

மார்கழி முதல் மாசி முடிய தணிகாசலம் மௌன விரதம் இருந்தார். வந்து போகிறவர்கள் எல்லாம் அவர் காலில் விழுந்தார்கள். அம்மாவின் காலில்கூட அவ்வளவு பேர் விழுந்ததில்லை.

விரதம் முடிந்த அன்று மகன் குமரவேல் வந்தான். தாய் இறந்து நான்கு வருடமாக அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டதில்லை. மகன் இடுப்பில் இருந்த பேத்தியைத் தணிகாசலம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"அப்பா" என்றான்.

மூன்று மாதத்துக்குப் பிறகு தணிகாசலம் வாய் திறந்தார்.

"பெத்தவளுக்குக் கொள்ளி வைக்க வராதவன், இங்க எதுக்குடா வந்தே?"

குழந்தை பயந்து அழுதது. கொண்டுவந்த ஆரஞ்சுப் பையைப் படியில் வைத்துவிட்டு, குமரவேல் மகளோடு மலையிறங்கிவிட்டான்.

மறுநாள் காலை தணிகாசலம் அம்மா முன்னால் போய் நின்றார். தூங்காத முகம்.

"மூணு மாசம் ஒரு சொல் பேசலையேம்மா. அப்படி ஒரு வார்த்தை எங்கிருந்து வந்துச்சு?"

"பனி முடிஞ்சிடுச்சு. முதல்ல புல்லுக்குத் தண்ணி விடுங்க" என்றார் அம்மா.

புல்வெளித் தெளிப்பான்கள் அவர் பொறுப்பு. முப்பது வருடம் குடிநீர் வாரியத்தில் இருந்தவர்; குழாய் விஷயத்தில் யார் பேச்சையும் கேட்கமாட்டார். அவ்வளவும் கீழே, உறைபனி என்றால் என்னவென்றே தெரியாத ஊர்களில் பார்த்த வேலை.

வால்வைத் திறந்தார். ஒரு தெளிப்பான்கூடச் சுற்றவில்லை. புல்லுக்கு நடுவே சேறு கொப்பளித்தது. அப்புறம் வேலியோரம். அப்புறம் படிக்கட்டுப் பக்கம்.

"எவன் உடைச்சான்?" என்று கத்தினார்.

தோட்டக்காரர் பெள்ளி ஓடிவந்து வால்வை மூடினார். மண்ணைக் கிளறினார். குழாய் நீளவாக்கில் பிளந்து கிடந்தது.

"இது இன்னைக்கு உடைஞ்சதில்லீங்க. உள்ள நின்ன தண்ணி உறைஞ்சு மார்கழியிலயே வெடிச்சிருக்கு. வடிச்சு விட்டீங்களான்னு அப்பவே கேட்டேன். நீங்க மௌனத்துல இருந்தீங்க. கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணீங்க."

தணிகாசலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. சத்தம் கேட்டு அம்மாவும் அங்கே வந்திருந்தார்.

"பனிக்கு முன்னாடியே வால்வை இறுக்கி மூடினேனேம்மா."

"மூடினீங்க. உள்ள இருந்த தண்ணி?"

தணிகாசலம் குனிந்தார். பிளந்த குழாயில் ஒரு துண்டை ஒடித்துக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மலையிறங்கும் ரோட்டைப் பார்த்தார். அதில் யாரும் வரவில்லை.

"இதைச் சரி பண்ண முடியுமாம்மா?"

அம்மா அவர் கையிலிருந்த குழாய்த் துண்டை வாங்கிப் பெள்ளியிடம் கொடுத்தார்.

"குழாய் கடையில கிடைக்கும்" என்றார்.