முப்பது அங்குலக் கட்டை

"அம்மா, என் வீட்டுல குளிர்காயற கணப்பு என்னை ஏமாத்திடுச்சு."

கேரட் மண்டி வீரபத்திரன் குருவம்மா வீட்டு வாசலில் நின்று மூச்சிரைக்கச் சொன்னார். வயது அறுபத்திரண்டு. சிக்கல் என்றால் ஊரார் யோசனை கேட்டு வரும் குருவம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் கோத்தகிரியில் அவர் குரலைத் தாழ்த்திப் பேசுவது அவளிடம் மட்டும்தான். மற்றவர்களிடம் எல்லாம் ஏலக் குரல்.

"என்ன ஆச்சு?"

"என் சம்சாரம் கோமளாவுக்கு நெஞ்சுச்சளி. விறகுப் புகையே ஆகாதுன்னுட்டார் டாக்டர். விறகை நிறுத்திட்டு கேஸ் கட்டை வாங்கினேன். மண்ணுல சுட்ட கட்டை. பார்த்தா விறகுதான். அடியில கேஸ் எரியும், புகை வராது."

"நல்லது."

"என்ன நல்லது! முப்பது அங்குலக் கட்டை. கடைக்காரனை உண்டு இல்லைன்னு பண்ணி, சின்னக் கட்டை விலைக்கே பிடுங்கிட்டு வந்தேன். உள்ளே போகமாட்டேங்குது. சுவரை இடிடான்னா கொத்தன் பயப்படறான்."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உறைபனி விழறதுக்குள்ள நெருப்பு எரியலேன்னா ஈரோட்டுக்கு, மகள் வீட்டுக்கே போயிடுறேங்கறா. போனா திரும்பமாட்டா அம்மா."



குருவம்மா எழுந்தாள். "வாங்க, பார்ப்போம்."

அவர் வீட்டுக் கூடத்தில் கணப்பின் முன்னால் கட்டைகள் கிடந்தன. சமையலறையில் இருமல் கேட்டது.

"அளந்தீங்களா?"

"அளக்காம வாங்குவேனா? வாய் மூணு அடி. நானே டேப் பிடிச்சேன்."

"மண்டியில மூட்டை எப்படி வாங்குவீங்க?"

வீரபத்திரன் முகம் மலர்ந்தது.

"அதைக் கேளுங்க! மூட்டை வாயில நல்லதா அடுக்கி வச்சிருப்பான் திருட்டுப்பய. நான் தோள்வரைக்கும் கையை விட்டு அடியிலேருந்து உருவுவேன். நாற்பது வருஷத்துல ஒருத்தன் என்கிட்ட வாலாட்ட முடியலையே!"

குருவம்மா கணப்பைக் காட்டினாள்.

அவர் சிரிப்பு நின்றது.

முழங்காலிட்டு, தலையை உள்ளே நுழைத்து, டார்ச் அடித்தார். பக்கச் சுவர்கள் இரண்டும் உள்ளே போகப்போக நெருங்கிக்கொண்டே போயின.

பின்சுவரில், கரியின் மேல், சாக்பீஸ் எழுத்து.

'பின்பக்கம் 22 அங்குலம்தான். ரெண்டு பக்கமும் சந்து விடணும். 18 அங்குலக் கட்டை போதும்.'

காலண்டரில் மாத்திரை வேளை குறித்து வைக்கும் அதே கையெழுத்து.

வெகு நேரம் அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது நெற்றியெல்லாம் கரி.

"கோமளா! இதை எப்ப எழுதினே?"

"போன மாசம்," சமையலறையிலிருந்து பதில் வந்தது. "மூணு தடவை வாயால சொன்னேன். நீங்க போன்ல பேரத்துல இருந்தீங்க. 'இரு'ன்னு கையைக் காட்டினீங்க."

"அதுக்காக அடுப்புக்குள்ளயா எழுதி வைப்பாங்க?"

"என்னிக்காவது குனிவீங்கன்னுதான்."

வீரபத்திரன் குருவம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டாள்.

அவர் சமையலறை வாசல்வரை போனார். உள்ளே நுழையவில்லை.

"கோமளா."

"என்ன?"

"வேற என்னெல்லாம் சொன்னே? நான் கேட்காம விட்டது?"

அவள் கேஸைத் தணித்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முக்காலியை அவர் பக்கம் காலால் தள்ளினாள்.

"உட்காருங்க," என்றாள். "நிறைய இருக்கு."