படிக்கலாம், படியலாம்!

மூன்றுபாறை மடுவில் தண்ணீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வந்தது. மீன்கள் அதைவிட வேகமாகக் குறைந்தன. அங்கே குடியிருந்த நீர்நாய்கள் எங்கே கூடினாலும் ஒரே பேச்சுத்தான்: "உங்கள் பிள்ளையை எந்த நீருக்கு அனுப்பப் போகிறீர்கள்?"

கெண்டையப்பன் என்ற நீர்நாய்க்கு ஒரே மகள். பெயர் சுழலி. குட்டி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பெரியவள் என்று சொன்னால், வேலை சொல்லிவிடுவார்களோ என்று பயம் வரும். அப்படி ஒரு வயது.

"வரும் கோடைக்கு நம் மூன்று வயிற்றை இந்த மடு தாங்காது. அதற்குள் இவள் வேறு நீருக்குப் போயாக வேண்டும்," என்றாள் தாய் அயிரை.

"போனால் சும்மா போகக் கூடாது! படிக்க வேண்டும், அப்படியே அங்கேயே நிலைத்துவிட வேண்டும்! கயல் மகனைப் பார்!" என்றார் கெண்டையப்பன்.

கயல் பக்கத்துப் பொந்துக்காரி. அவள் மகன் விராலன் போன ஆண்டு கருஞ்சேற்றுச் சதுப்புக்குப் படிக்கப் போனான். அன்றிலிருந்து கயலின் நடையே மாறிவிட்டது. மழையைப் பற்றிப் பேசினாலும் சரி, முள்ளெலியைப் பற்றிப் பேசினாலும் சரி, "எங்கள் விராலன் இருக்கிற சதுப்பில்..." என்றுதான் தொடங்குவாள்.

"விராலன் எப்படி இருக்கிறான், அக்கா?" என்று கேட்டாள் அயிரை.

"அவனுக்கு ஏது நேரம்! போனவன் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை!"

"ஒரு சேதியாவது?"

"நன்றாக இருக்கிறவன் எதற்கடி சேதி அனுப்பப் போகிறான்?"

இந்தப் பதிலை மடுவே மெச்சியது.

விராலனை அனுப்பிவைத்தவர் உலகநாதர். அவர் ஓர் உடும்பு. ஆற்றங்கரை மருதமரத்தடியில் அவருக்கு அலுவலகம். மரப்பட்டையில் நகத்தால் பெரிதாகக் கீறி வைத்திருந்தார்: 'படிக்கலாம், படியலாம்!'

கெண்டையப்பன் குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்தார்.

"படிக்கலாம் தெரிகிறது. அது என்ன சார், படியலாம்?" என்று கேட்டாள் சுழலி.

"நல்ல கேள்வி அம்மணி! வண்டல் ஆற்றின் அடியில் போய்ப் படிகிறது அல்லவா? அதுபோலப் போன இடத்திலேயே படிந்துவிடுவது!"

"அடியில் படிந்தது மறுபடி மேலே வருமா, சார்?"

"வராது! அதுதானே நிரந்தரம்!"

பேசும்போது உலகநாதரின் நாக்கு இரண்டாகப் பிளந்து வெளியே வந்து போனது. கெண்டையப்பன் மனைவியின் காதில் கிசுகிசுத்தார்: "பார்த்தாயா! மனிதர் இரண்டு மொழி பேசுகிறவர்!"

உலகநாதர் மூன்று இடங்களைச் சொன்னார்.

"முதலாவது, மேற்குமலைச் சுனை. தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். அருவிக்கு அடியில் மூச்சுப் பிடித்துக்கொண்டு நூறு மீன் பெயர்களை மலைப் பேச்சில் சொல்ல வேண்டும். தேறினாலும் ஒரு மழைக்காலத்துக்குத்தான் அனுமதி. அடுத்த ஆண்டு மறுபடி நூறு மீன்!"

"ஐயையோ!" என்றாள் அயிரை.

"இரண்டாவது, கழிமுகம். ஆறு கடலில் கலக்கிற இடம். அங்கே எல்லாம் மதிப்பெண். வாலுக்குப் பத்து, பல்லுக்குப் பத்து, மூக்குக்கு ஐந்து. வயது ஏற ஏற மதிப்பெண் குறையும். பகலில் பாடம், சாயங்காலம் நண்டு பிடிக்கிற வேலை. நிலையான இடம் எப்போது கிடைக்கும் என்று அந்தக் கடலுக்கே தெரியாது!"

"மூன்றாவது?" என்று அவசரப்பட்டார் கெண்டையப்பன்.

உலகநாதர் குரலைத் தாழ்த்தினார். "கருஞ்சேற்றுச் சதுப்பு. தேர்வு கிடையாது. மதிப்பெண் கிடையாது. வரிசை கிடையாது. படிக்கப் போன அன்றே படிந்துவிடலாம்!"

"அன்றேவா!"

"பல பேருக்கு அரை நாள்கூட ஆகவில்லை!"

கெண்டையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு நாங்கள் என்ன தர வேண்டும், சார்?"

"ஒன்றும் வேண்டாம். இது சேவை. கல்லூரி முதல்வரிடம் ஏதாவது மீதம் இருந்தால் எனக்குக் கொடுப்பார். அது போதும்."

சுழலி மட்டும் விண்ணப்ப இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அதில் படிப்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எடை என்ன, எலும்பு மெல்லியதா தடித்ததா, நகம் வெட்டிக்கொள்ளும் பழக்கம் உண்டா என்றே இருந்தது.

"எடை எதற்கு, சார்?"

"முதல்வர் எடை குறைந்த மாணவர்களைச் சேர்ப்பதில்லை. தரம் பார்ப்பவர்."

"பாடம் என்ன?"

"சேற்றியல்."

"எத்தனை ஆண்டு?"

"அவ்வளவெல்லாம் ஆகாது, அம்மணி!"

"முதல்வர் யார்?"

"முதலை ஐயா. முதலை என்பதால்தானே முதல்வர்!" உலகநாதர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். கெண்டையப்பனும் மரியாதைக்குச் சிரித்தார்.

ஏன் இங்கே படிக்க விரும்புகிறாய் என்று ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அதையும் உலகநாதரே எழுதிவைத்திருந்தார். 'சிறு வயது முதலே எனக்குச் சேற்றின் மீது தீராத ஆர்வம்' என்று அது தொடங்கியது. கீழே ஒரு கால்தடம் வைத்தால் முடிந்தது.

சுழலி காலைத் தூக்கினாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

"விராலன் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைக்கிறேன், சார்."

"அவன் மும்முரமாக இருக்கிறான், அம்மணி!"

"பேச வேண்டாம். ஓர் எச்சம் போதும்."

நீர்நாய்களின் வழக்கம் இது. தண்ணீர் ஓரத்துக் கல்லின் மேல் அவை எச்சம் இட்டு வைக்கும். அவற்றுக்கு அதுதான் கடிதம். முகர்ந்தால் போதும், இட்டது யார், நேற்று என்ன சாப்பிட்டது, மனசு சரியாக இருக்கிறதா இல்லையா, எல்லாம் தெரிந்துவிடும்.

கெண்டையப்பனுக்குக் கோபம். "பெரியவர் சொல்கிறார். நீ என்ன சந்தேகம் பிடித்தவளாக இருக்கிறாய்?"

அயிரை குறுக்கே வந்தாள். "போகப் போவது இவள். ஒரு கல்லைக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?"

உலகநாதர் யோசித்தார். எச்சம்தானே! அதில் என்ன இருக்கிறது? எந்த எச்சத்திலும் கொஞ்சம் நீர்நாய் வாசம் இருந்தால் போதும் என்று நினைத்தார்.

"மூன்றே நாளில் கொண்டுவருகிறேன்!" என்று புறப்பட்டார்.

சதுப்பில் முதலை வாயைத் திறந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உலகநாதர் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"ஐயா, விராலன் என்று ஒருவன் போன ஆண்டு வந்தானே. அவன் எச்சம் வேண்டும்."

"விராலனா? யார் அது?"

"நான் அனுப்பிய மாணவன், ஐயா!"

"பெயரையெல்லாம் யார் கேட்டது!" என்று கண்ணை மூடிக்கொண்டது முதலை.

உலகநாதர் கரையெல்லாம் நாக்கை நீட்டித் தேடினார். முதலை வழக்கமாகப் படுக்கும் மேட்டில், காய்ந்து வெளுத்த எச்சத்தோடு ஒரு கல் கிடந்தது. நாக்கை வைத்துப் பார்த்தார். நீர்நாய் வாசம்! உடும்பின் நாக்குக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கல்லைத் தாமரை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மடுவே மருதமரத்தடியில் கூடிவிட்டது. கயல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "என் மகன் கடிதம் போட்டிருக்கிறான்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உலகநாதர் இலையைப் பிரித்தார். சுழலி குனிந்து முகர்ந்தாள்.

"விராலன் அண்ணன் வாசம்தான்," என்றாள்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. உலகநாதர் நாலா பக்கமும் தலைவணங்கினார். "நான் சொல்லவில்லையா!" என்று துள்ளினார் கெண்டையப்பன்.

சுழலி தலையைத் தூக்கவில்லை. இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"ஆனால் இது அண்ணன் இட்டது இல்லை."

"என்ன உளறுகிறாய்? அவன் வாசம் என்று இப்போதுதானே சொன்னாய்?"

"வாசம் அவனுடையதுதான் அப்பா. இட்டது வேறு யாரோ. அண்ணன் இதற்குள் இருக்கிறான்."

கெண்டையப்பன் மூக்கை வைத்துப் பார்த்தார். உள்ளே பழுப்பு முடி இருந்தது. ஒரு நகமும் இருந்தது. அவர் மூக்கை எடுத்துவிட்டு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"விராலனின் எச்சம் என்றுதானே கேட்டீர்கள்?" என்று உலகநாதர் பின்னால் நகர்ந்தார். "இது விராலனின் எச்சம்தான்! நான் பொய் சொல்லவில்லை!"

"பொய் இல்லை சார். மிச்சம் இருந்த எச்சம்," என்றாள் சுழலி.

கயல் எழுந்து வந்தாள். வழிவிட்டார்கள். அவள் கல்லை வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு அதைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கல்லைத் தா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த அமைதியில் உலகநாதர் மரத்தில் ஏறிவிட்டார். நீர்நாய்கள் கீழே நின்று சீறின.

"இறங்கி வாடா!"

"நான் விண்ணப்பம் வாங்கித் தருகிறவன்! சேர்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு!" என்று உச்சிக்கிளையிலிருந்து பதில் வந்தது. பகல் முழுவதும் கிளையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். மறுநாள் விடிந்தபோது மரத்தில் அவர் இல்லை. மேலே எங்கோ ஒரு மடுவில் தவளைகளுக்கு விண்ணப்ப இலை கொடுத்துக்கொண்டிருப்பதாகப் பிறகு ஒரு கொக்கு சொன்னது. கயல் அன்றே மேல்மடுவுக்குப் புறப்பட்டுப் போனாள். அவள் வாயில் கல் இருந்தது.

இங்கே கோடை காத்திருக்கவில்லை. மடுவின் நடுவே மூன்றாவது பாறையும் அடிவரை தெரிந்தது.

"இனி எங்கேயும் அனுப்பப் போவதில்லை! பட்டினியோ பசியோ, மூன்று பேரும் சேர்ந்தே கிடப்போம்!" என்றார் கெண்டையப்பன்.

"சேர்ந்து கிடந்தால் சேர்ந்துதான் சாவோம்," என்றாள் அயிரை. "யாரையாவது கேட்டுப் பாருங்கள்."

அந்த வாரம் கீழ்மடுவுக்குச் சாளையன் என்ற இளம் நீர்நாய் வந்திருந்தான். கழிமுகத்தில் படிக்கிறவன். அம்மாவைப் பார்க்க வந்தவன். சுழலி அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் போனாள்.

"கழிமுகம் எப்படி, அண்ணா?" என்றாள்.

கேட்டதுதான் தாமதம், சாளையன் பிடித்துக்கொண்டான்.

"அதை ஏன் கேட்கிறாய்! தண்ணீரா அது? கண் எரியும். முதல் மாதம் மூக்குத்தோல் உரிந்து தொங்கியது. நண்டு ஒவ்வொன்றும் என் தலை அளவு. இதோ பார், இந்த விரலில் பாதி இல்லை! பேசினால் அங்கே இருப்பவர்களுக்குப் புரியாது. அவர்கள் பேசினால் நமக்குப் புரியாது. சிரித்தே மூன்று மாதம் ஓட்டினேன். தங்கிய பொந்தில் ஆறு பேர், ஒருத்தன் குறட்டை!"

"நிலையான இடம் கிடைத்துவிட்டதா, தம்பி?" என்று கேட்டார் கெண்டையப்பன்.

"மூன்று வருடமாக வரிசையில் நிற்கிறேன், மாமா! போன வருடம் நூற்றுப் பதினேழாவது ஆள். இந்த வருடம் நூற்று இருபது! வரிசை பின்னால் போகிறது!"

"சாப்பாடு?" என்றாள் அயிரை.

"நண்டு. காலையில் நண்டு. சாயங்காலம் நண்டு. தீபாவளிக்கும் நண்டு!"

"அப்படியானால் விட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதானே?"

சாளையன் கொஞ்சம் யோசித்தான். "வரலாம் அத்தை. ஆனால் அங்கே நண்டாவது இருக்கிறது."

உச்சிவெயில் சாயும் வரை அவன் குறை சொல்லி முடிக்கவில்லை. சுழலி ஒன்றுவிடாமல் கேட்டாள். பிறகு எழுந்து உடம்பை உதறினாள்.

"சரி அண்ணா, நீங்கள் திரும்பும்போது சொல்லுங்கள். நானும் வருகிறேன்!"

கெண்டையப்பன் திகைத்துப்போனார். "உனக்குக் காது கேட்டதா? வாய் ஓயாமல் குறை சொல்கிறானே!"

"அதனால்தான் அப்பா! குறை சொல்ல ஒருத்தன் உயிரோடு வந்திருக்கிறானே!"

அனுப்பிவைப்பவர் பாடும் பெருமையைவிட, போய் வந்தவர் சொல்லும் குறையையே நம்பிப் புறப்பட வேண்டும்.