நல்லா இருந்தால் அமுக்கவும்

ஊமத்தம்பட்டிக்காரர்களுக்கு அறிவு குறைவு என்று சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொன்னால், "எவ்வளவு குறைவு?" என்று கேட்டு, அளந்து காட்டும்வரை விடமாட்டார்கள். மற்றபடி நல்ல மனிதர்கள். பொய் சொல்லத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். பேருந்தில் 'படியில் நிற்காதீர்' என்று எழுதியிருந்தால் நிற்கவே மாட்டார்கள்; உட்கார்ந்துகொள்வார்கள். நடத்துனர் சத்தம் போட்டால், "எழுதியிருக்கிறதைப் படிச்சுப் பாருங்க தம்பி" என்று பொறுமையாகச் சொல்வார்கள்.

அந்த ஊரில் தவசி என்று ஒருவன். வயது முப்பத்தாறு. கொஞ்சம் நிலம் உண்டு, சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் உண்டு. கல்யாணம்தான் ஆகவில்லை. முன்பு ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது, "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க" என்று அவர்கள் உபசரித்தார்கள். தவசி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாயை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டான். அந்தச் சம்பந்தம் அப்படிப் போனது. மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான் போயின.

கடைசியில் செண்பகவல்லி அமைந்தாள். அவளுக்குத் தவசியைப் பிடித்திருந்தது. தவசிக்கோ, அவளைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து கருவாட்டுக் குழம்புகூட ருசிக்கவில்லை. ஜாதகம் பொருந்தியது. இனிப் பத்திரிகை அடிக்க வேண்டியதுதான் என்று இருந்தபோது, பெண்ணின் அப்பா காத்தமுத்து வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டார். அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"மாப்பிள்ளை, நான் ரோட்டுல பாத்ததையெல்லாம் சொன்னா உங்களுக்குச் சோறு இறங்காது" என்றார். "இப்ப ஒரு பெட்டி வந்திருக்கு. வண்டி விழுந்தா அதுவே வீட்டுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் பண்ணிரும். அதை மாட்டி, என் நம்பரைப் போடுங்க. பெட்டியில இருந்து எனக்கு ஒரு தடவை போன் வரணும். வந்தாத்தான் பத்திரிகை. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அன்னைக்குச் சாயங்காலம் மின்சார ஆபீஸ் பையன் வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வாறோம்னு சொல்லியிருக்காக."

கடையில் பெட்டியை மாட்டும்போதே மெக்கானிக் ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடுவார் என்பது காத்தமுத்துவின் நினைப்பு. ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊமத்தம்பட்டியில் சொல்லாததைச் செய்கிற வழக்கம் கிடையாது.

மறுநாள் தவசியும், அவன் சித்தப்பா இருளாண்டியும், அக்கா புருஷன் கோட்டைச்சாமியும் டவுனுக்குப் போனார்கள். மெக்கானிக் சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை சீட்டுக்குப் பின்னால் பட்டை போட்டு இறுக்கி, அதில் காத்தமுத்துவின் நம்பரைப் போட்டார்.

"வண்டி விழுந்தா பெட்டி கீ கீன்னு கத்தும். அரை நிமிஷம் காத்திருக்கும். நீங்க நல்லா இருந்தா இந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்கிருங்க. அமுக்கலைன்னா போன் போயிரும். அவ்வளவுதான். ஒரு டெஸ்ட் பண்ணிக் காட்டவா?"

"வேண்டாம் தம்பி" என்றார் இருளாண்டி. "பெட்டிதான் போன் பண்ணணும்னு சம்பந்தி சொல்லியிருக்காரு. நீங்க பண்ண வச்சா அது நீங்க பண்ணினதா ஆயிரும்."

மெக்கானிக் அவர்கள் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னார்கள். அவர் உடனே பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பியதும் மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"போன் போகணும்னா விழணும்" என்றார் இருளாண்டி. "எங்க விழறது?"

"எங்க வேணும்னாலும் விழலாம் மாமா" என்றான் கோட்டைச்சாமி. "நமக்குத் தரை இல்லாத இடமா?"

"மாப்பிள்ளைக்குக் காயம் படக் கூடாதுல்ல. கட்டு போட்ட மாப்பிள்ளையை எந்தப் பொண்ணு வீட்ல ஏத்துக்குவாக?"

அது நியாயமாகப் பட்டது. வைக்கோலை மெத்தையாகப் பரப்பினார்கள். தவசி வேகமாக வந்து அதன் மேல் விழுந்தான். பெட்டி கீ கீ என்று கத்தியது. தலையில் வைக்கோலோடு எழுந்தவன், கை கால்களை ஒரு முறை உதறிப் பார்த்தான். பிறகு குனிந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினான். பெட்டி அடங்கியது.

"ஏன்டா அமுக்கின?" என்று கத்தினார் இருளாண்டி.

"நான் நல்லா இருக்கேனே சித்தப்பா!"

இருளாண்டி அவன் தலையிலிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார்.

"சும்மா விட்டிருந்தா என்ன மாப்ளே?" என்றான் கோட்டைச்சாமி.

"சும்மா விட்டா நான் நல்லா இல்லைன்னு அர்த்தம் மச்சான். மாமனாருக்குச் சொல்லி விடுற மொதத் தகவலே பொய்யா இருக்கலாமா?"

இருக்கலாகாது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். தப்பு வைக்கோல் மேல்தான். மெத்தென்று இருந்தால் விழுகிறவன் நல்லாத்தான் இருப்பான். அடுத்த முறை நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில் விழுவது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளைக்குக் காயம் படக் கூடாது என்பதால் கோட்டைச்சாமி ஓட்டினான். நன்றாகவே விழுந்தான். பெட்டி கத்த ஆரம்பித்தது. மற்ற இருவரும் ஓடிப் போய்ப் பக்கத்தில் குந்தினார்கள்.

"மச்சான், நல்லா இருக்கீகளா?"

"முட்டி போச்சு மாப்ளே!"

"எவ்வளவு போச்சு?"

"தோலு போச்சு."

"மத்தியானம் சாப்பிடுவீகளா?"

"என்ன குழம்பு?"

"மொச்சைக்கொட்டைக் குழம்பு."

"சாப்பிடுவேன்."

"சாப்பிடுற ஆளு நல்லாத்தான் இருக்காரு சித்தப்பா" என்றான் தவசி துக்கத்தோடு. "அமுக்குங்க."

இருளாண்டி அமுக்கினார்.

அன்று சாப்பிட்டு முடித்து, மொச்சைத் தோலைத் துப்பும்போதுதான் இருளாண்டிக்கு அந்த யோசனை உதித்தது. "விழுந்தப்புறம் நல்லா இல்லாம போற ஆளை நாம தேடுறோம். அதுதான் தப்பு. விழறதுக்கு முன்னாடியே நல்லா இல்லாத ஆளைப் பிடிக்கணும்."

அப்படி ஓர் ஆள் ஊரிலேயே இருந்தார். பெயர் மூக்கையா. "நல்லா இருக்கீகளா பெரியப்பா?" என்று யார் எப்போது கேட்டாலும், "எங்கடா நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார். மகன் கல்யாணத்தன்றும் அதையே சொன்னார். முதுகுப் பிடிப்பு. வில் மாதிரி வளைந்துதான் நடப்பார்.

விஷயத்தைச் சொன்னதும் மூக்கையா சந்தோஷமாக வந்தார். இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதை இப்போதுதான் ஒருவர் காதில் வாங்கியிருக்கிறார். பின்சீட்டில் அவரை உட்கார வைத்து, தவசி ஓட்டிக்கொண்டு போய் வாய்க்கால் சேற்றில் சாய்த்தான். பெட்டி கத்தியது. இருளாண்டி கரையிலிருந்து குனிந்து, ஆசையோடு கேட்டார்.

"பெரியப்பா, நல்லா இருக்கீகளா?"

மூக்கையா சேற்றிலிருந்து எழுந்தார். எழுந்தவர் எழுந்துகொண்டே போனார். நிமிர்ந்து, நேராக, பனைமரம் மாதிரி நின்றார்.

"டேய்! முதுகுப் பிடிப்பு விட்டுப் போச்சுடா! ரொம்ப நல்லா இருக்கேன்டா!" என்று கூவியபடி, யாரும் சொல்லாமலே தானே குனிந்து பொத்தானை அமுக்கினார். குனிய முடிகிறதா என்று பார்ப்பதற்காக இன்னும் இரண்டு தடவை அமுக்கினார்.

சேதி ஊரெல்லாம் பரவியது. வியாழக்கிழமை காலையில் தவசி வீட்டு வாசலில் மூட்டுவலிக்காரர்கள், இடுப்பு பிடித்தவர்கள், கழுத்து திரும்பாதவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். பல்வலிக்காரர் ஒருவர், "நான் எந்தப் பக்கம் விழணும்?" என்று கேட்டார். "பல்லு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்" என்றார் இருளாண்டி. நாள் முழுக்க வண்டி விழுந்துகொண்டே இருந்தது. விழுந்தவர்களிடம், "நல்லா இருக்கீகளா, இல்லை இன்னொரு தடவை விழுறீகளா?" என்று கோட்டைச்சாமி மரியாதையாகக் கேட்டான். எல்லாருமே உடனே நல்லா ஆகிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. வெயில் சாய ஆரம்பித்தது. காத்தமுத்து வீட்டில் இந்நேரம் மின்சார ஆபீஸ் மாப்பிள்ளைக்குக் கேசரி கிளறிக்கொண்டிருப்பார்கள். ஊரில் விழாத ஆள் இல்லை. நல்லா இல்லாத ஆளும் இல்லை. தவசி வண்டிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாக விழுந்து விழுந்து நைந்துபோயிருந்த சைடு ஸ்டாண்டு அப்போது மடங்கியது. வண்டி தானாகச் சாய்ந்து விழுந்தது. பெட்டி கத்தியது.

பழக்க தோஷத்தில் இருளாண்டி கேட்டார்: "நல்லா இருக்கியாடா?"

"எப்படிச் சித்தப்பா நல்லா இருப்பேன்?" என்றான் தவசி. கண் கலங்கிவிட்டது. "செண்பகவல்லி இல்லாம நான் எப்படி நல்லா இருப்பேன்?"

பொத்தானை நோக்கிப் போன கோட்டைச்சாமியின் விரல் அப்படியே நின்றது.

"மாமா, மாப்ளே நல்லா இல்லைங்கிறாரே!"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையேப்பா. மனசுதான சரியில்லை?"

"மெக்கானிக் உடம்புன்னு சொன்னாரா, மனசுன்னு சொன்னாரா?"

"'நல்லா இருந்தா'ன்னுதான் சொன்னாரு."

"அப்ப மனசும் அதுல சேத்திதான?"

"சேத்தியாத்தான் இருக்கணும். அதெப்படி, மனசைத் தனியா வீட்ல வச்சுட்டா வண்டியில போறோம்?"

இப்படி அவர்கள் அலசிக்கொண்டிருக்கும்போதே அரை நிமிஷம் ஓடிவிட்டது. பெட்டி கத்துவதை நிறுத்தியது. பச்சை விளக்கு ஒன்று எரிந்தது.

"போயிருச்சு!" என்றான் கோட்டைச்சாமி. மூவரும் எழுந்து நின்று பெட்டியைக் கும்பிட்டார்கள்.

முதலில் ஆம்புலன்ஸ்தான் வந்தது. அதிலிருந்து ஒரு நர்ஸம்மா குதித்து இறங்கினாள். "யாருக்கு அடி?"

"யாருக்கும் இல்லம்மா" என்றார் இருளாண்டி.

"வண்டி விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்ப ஓட்டினது யாரு?"

"யாரும் ஓட்டலை. அதுவா விழுந்துச்சு."

நர்ஸம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "அப்படியா! அப்ப அதையே ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சு ஏத்துங்களேன்!"

எரிச்சலில் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ண அந்தப் பக்கம் போனாள். திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்திருந்தது. மோட்டார் சைக்கிள் ஸ்ட்ரெச்சரில் ஏறி, ஆம்புலன்சுக்குள் படுத்திருந்தது. தலை எந்தப் பக்கம் என்பதில் மட்டும் சின்ன விவாதம். ஹெட்லைட் இருக்கிற பக்கம்தான் தலை என்று தீர்மானித்தார்கள். தூசி படாமல் இருக்கட்டும் என்று கோட்டைச்சாமி வெள்ளைத் துணியால் தலைவரை போர்த்திவிட்டான்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. காத்தமுத்து ஒற்றைச் செருப்போடு இறங்கி ஓடி வந்தார். பின்னாலேயே செண்பகவல்லி. மின்சார ஆபீஸ் மாப்பிள்ளை வீட்டார் கேசரித் தட்டைக் கையில் வாங்கிய நேரம் போன் வந்ததாம். அவர்களை அப்படியே உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

"ஐயோ மாப்பிள்ளை! முகத்தைக்கூட மூடிட்டாங்களே!" என்று அலறியபடி காத்தமுத்து ஆம்புலன்சுக்குள் ஏறித் துணியை விலக்கினார். ஹெட்லைட் அவரைப் பார்த்தது.

"மாமா" என்று பின்னாலிருந்து தவசி கூப்பிட்டான். "போன் வந்துச்சா?"

காத்தமுத்து ஹெட்லைட்டையும் தவசியையும் மாறி மாறிப் பார்த்தார். செண்பகவல்லிதான் மூச்சு வாங்கியபடி தவசியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இப்ப நல்லா இருக்கேன்" என்றான் தவசி. சொன்னதும் நேராக ஆம்புலன்சுக்குள் ஏறி, துணிக்குள் கையை விட்டு, சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு இறங்கி வந்தான்.

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். "அப்பா, இவரு சொன்னதைச் சொன்னபடி செய்வாரு போல இருக்கே. எனக்கு இவரே போதும். பத்திரிகை அடிங்க."

"அடிக்கிறேன் தாயி" என்றார் காத்தமுத்து. "வாக்கு வாக்குதான். அடிக்கிறேன்... எனக்கு என்னமோ கண்ணைக் கட்டுது..." ஆம்புலன்சை விட்டு இறங்கியவர், அப்படியே தரையில் சாய்ந்துவிட்டார்.

நர்ஸம்மா ஓடி வந்து நாடி பார்த்தாள். "பிரஷர் ஏறியிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். மொதல்ல அந்த மோட்டார் சைக்கிளை இறக்குங்க!"

"இறக்குறோம்மா" என்றார் இருளாண்டி. "ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. விழுந்தா பெட்டி அடிக்கணும். வண்டி விழுந்துச்சு, அடிச்சுச்சு. சம்பந்தி விழுந்தாரு, அடிக்கலையே!"

"அவர்கிட்டப் பெட்டி இல்லையே மாமா" என்றான் கோட்டைச்சாமி.

"அதைத்தான்டா சொல்றேன்."

நர்ஸம்மா உள்ளே போய் ஸ்ட்ரெச்சரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இவர்கள் மோட்டார் சைக்கிளை இறக்கினார்கள். பட்டையை அவிழ்த்துப் பெட்டியைக் கழற்றி, துண்டால் காத்தமுத்துவின் நெஞ்சில் கட்டினார்கள். செண்பகவல்லி தண்ணீர் கேட்டு எதிர்வீட்டுக்குப் போயிருந்தாள். ஆளுக்கு ஒரு பக்கமாகக் காத்தமுத்துவைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"ஒரே ஒரு தடவை விழுங்க சம்பந்தி" என்றார் இருளாண்டி பணிவாக.

அவருக்குச் சிரமமே இல்லை. கையை எடுத்ததும் விழுந்துவிட்டார். பெட்டி கத்தியது.

"நல்லா இருக்கீகளா சம்பந்தி?"

"எங்க நல்லா இருக்கேன்..."

"யாரும் அமுக்காதீங்க!"

யாரும் அமுக்கவில்லை. அரை நிமிஷம் கழிந்தது. பச்சை விளக்கு எரிந்தது. உடனே காத்தமுத்துவின் சட்டைப் பையில் போன் அடித்தது. படுத்தபடியே எடுத்துக் காதில் வைத்தார். "விபத்து நடந்துள்ளது. உடனே உதவிக்குச் செல்லவும்" என்று பெட்டியின் குரல் சொன்னது.

காத்தமுத்து விவரமான மனிதர்தான். ஆனால் ஊமத்தம்பட்டி மண்ணில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டார்.

"ஐயையோ! யாருக்கு என்ன ஆச்சோ!" என்று துள்ளி எழுந்தார். நெஞ்சில் பெட்டியோடு ஓடிப் போய், காத்திருந்த ஷேர் ஆட்டோவில் ஏறினார். "விடுப்பா வண்டியை! சீக்கிரம் விடு!" என்று கத்தினார். ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

நர்ஸம்மா ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். தரையைப் பார்த்தாள்.

"பேஷண்ட் எங்கய்யா?"

"அவருக்கு ஏதோ விபத்தாம்மா" என்றார் இருளாண்டி கவலையோடு. "என்ன ஏதுன்னு பாக்கப் போயிருக்காரு."