ஈரச் சேற்றில் பதித்த குளம்பு

ஒரு காட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது, குழந்தைகளே. கோடை வந்தால் இக்கரையில் புல் கருகிவிடும். அக்கரையில் மட்டும் பசுமை இருக்கும். அங்கே போக ஒரே வழி முதலையின் முதுகுதான்.

முதலை யாரையும் சும்மா ஏற்றாது. முதலில் துறையின் ஈரச் சேற்றில் குளம்பைப் பதிக்க வேண்டும். ஏன் என்று மான்கள் ஒருநாளும் கேட்டதில்லை. முன்னால் போவது பதித்தால் பின்னால் வருவதும் பதிக்கும். மான் கூட்டத்தின் புத்தி அப்படி. ஒரு புள்ளிமானும் தன் குட்டியோடு வந்து, குளம்பைப் பதித்துவிட்டு ஏறிக்கொண்டது. அதன் அக்கா போன மாதம் பதித்த தடம் பக்கத்திலேயே காய்ந்து கிடந்தது.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும்போதோ, முதலை சொன்னபடி மணல்திட்டில் இறக்காமல் முள்புதரில் உதறிவிட்டது. குட்டியின் கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. மானுக்கு ஆத்திரம் பொங்கியது. காட்டுக்கு அரசனான யானையின் சபையில் முறையிடப் போவதாகச் சொன்னது.

முதலை கண்ணை மெல்ல மூடித் திறந்தது.

"சபைக்கெல்லாம் நீ போக முடியாது. குளம்பு பதித்தாயே, அதற்கு அதுதான் அர்த்தம். நம் வழக்கு என் மடுவில்தான் நடக்கும். என் தம்பிதான் நடுவர். நாளைக் காலையில் வா. குட்டியையும் கூட்டி வா, காயத்தைப் பார்க்க வேண்டும்."

மானுக்கு அக்காவின் நினைவு வந்தது. அக்காவும் இப்படித்தான் மடுவுக்குப் போனது, திரும்பவே இல்லை. வழக்கில் தோற்ற வெட்கத்தில் வேறு காட்டுக்குப் போய்விட்டதாக முதலை சொன்னது. ஒரு வார்த்தை சொல்லாமலா போயிருக்கும்?

ஆனாலும் பதித்த குளம்புக்குக் கட்டுப்பட வேண்டுமே என்று விடிந்ததும் குட்டியோடு கிளம்பியது. மடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. மான் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தது. குட்டி அதன் வயிற்றோடு ஒட்டி நின்றது.

அப்போது கரையில் அடைகாத்துக்கொண்டிருந்த ஆட்காட்டிக் குருவி அலறியது. யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுவது அதன் குணம். அதனால் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. இன்று மான் திரும்பிப் பார்த்தது.

"குளம்பைப் பதிக்கும் முன்னால், சபைக்குப் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாய் என்று முதலை சொன்னதா?" என்று கேட்டது குருவி.

"இல்லை."

"வேண்டாம் என்று மறுக்கலாம் என்றாவது?"

"எதுவுமே சொல்லவில்லை."

"அப்படியானால் அந்தத் தடம் செல்லாது. எல்லாவற்றையும் எடுத்துச் சொன்ன பிறகுதான் தடம் வாங்க வேண்டும் என்பது யானை போட்ட சட்டம். காலை எடு."

மான் காலை எடுத்தது. அதே நொடியில் தண்ணீர் பிளந்தது. முதலையும் தம்பியும் ஒன்றாகப் பாய்ந்து, கால் இருந்த இடத்தில் வெறும் சேற்றைக் கவ்வின. மானும் குட்டியும் ஓடிய ஓட்டம் சபையில் போய்த்தான் நின்றது.

யானை விசாரித்து, இரண்டு முதலைகளையும் காட்டைவிட்டே விரட்டியது. அன்று மாலை மான் துறைக்கு வந்து தன் தடத்தைக் காலால் தேய்த்து அழித்தது. பக்கத்தில் இருந்த அக்காவின் தடத்தை அழிக்க அதற்கு மனம் வரவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அக்கா இன்று உயிரோடு இருக்குமே என்று அழுதது.

நீதி: எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று கேட்டறியாமல் எதற்கும் சம்மதிக்காதே, அதை மறைத்து வாங்கிய சம்மதம் சம்மதமே ஆகாது.